யாலைக் காட்டுக்குச் சென்ற வழிகள்

யாலைக் காட்டைக் காண விரும்பி வெளிநாடுகளிலிருந்து வருவோர் இக்காலத்தில் முதலிற் கேட்கும் கேள்வி, எந்த விமான நிலையத்தில் இறங்குவது என்பதாகும். அங்கிருந்து எந்த வீதியாற் செல்வது என்பது அடுத்த கேள்வி. இலங்கைப் படத்தை விரித்து நோக்குவோருக்கு முதற் கேள்வியின் விடை மிக எளிதெனவே தோன்றும். காட்டிலிருந்து ஏறக்குறைய ஒரு மணி நேரப் பயணத் தொலைவில், மத்தள என்னுமிடத்தில், பெரிய விமானங்களும் வந்திறங்கத்தக்க சர்வதேச விமான நிலையம் ஒன்று இருக்கின்றது. கட்டுநாயக்காவோ முந்நூறு கிலோமீற்றருக்கு அண்மையான தூரத்தில் உள்ளது. எனினும் யாலைக்கு வருவோரில் மிகப் பெரும்பாலோர் கட்டுநாயக்காவிலேயே இறங்குகின்றனர். அருகிலுள்ள வாயில் வெறிச்சோடிக் கிடக்கத் தொலைவிலுள்ள வாயிலால் யாவரும் புகும் இவ்விந்தையை விளங்கிக்கொள்வதற்கு, அக்காட்டை நோக்கி மக்கள் சென்ற வழிகளின் வரலாற்றைச் சற்றே திரும்பிப் பார்த்தல் வேண்டும்.

யாலை ஆதிதொட்டு மனிதர் காலடி படாத காடன்று. உறுகுணை நாட்டின் தலைநகராய் விளங்கிய மாகமம், இன்றைய திஸ்ஸமகாராமைப் பகுதியிலேயே இருந்தது. காட்டினுள்ளே சித்துல்பவ்வ என்னும் பழைய பௌத்த விகாரை குன்றின்மேல் நிற்கின்றது. யானைகள் இன்று நீரருந்தும் குளங்களுட் பல, பண்டைய உழவர் நெல்வயலுக்கென அணை கட்டித் தேக்கியவை. அரசு நிலைகுலைந்து, குளக்கட்டுகள் உடைந்து, குடிகள் பெயர்ந்த பின்னரே முட்புதரும் வீரையும் பாலையும் அந்நிலத்தை மூடின. வயலுக்குச் சென்ற பாதைகள் விலங்குகளின் தடங்களாயின.

அவ்வாறு காடு மூடிய பின்னரும் மூடப்படாத வழி ஒன்றுண்டு. அதுவே கதிர்காம யாத்திரிகரின் நடைபாதை. யாழ்ப்பாணத்துச் செல்வச்சந்நிதியிற் புறப்படும் அடியார்கள் முல்லைத்தீவு, திருகோணமலை, மட்டக்களப்பு, திருக்கோவில், பொத்துவில் எனக் கீழ்க்கரையோரமாக நடந்து, பாணமையைக் கடந்து, உகந்தை முருகன் சந்நிதியை அடைவர். ஏறக்குறைய இரண்டு மாத நடையில் மிகக் கடினமான பகுதி அதன் பின்னரே தொடங்கும். கூமுனையைத் தாண்டிக் கும்புக்கன் ஓயாவைக் கடந்தால் யாலைக் காடு. நாவலடி, வியாழை, கட்டகாமம் எனத் தங்குமிடங்கள் தோறும் நீர் நிலையையே முதலில் தேடுவர். கரடியும் சிறுத்தையும் திரியும் காட்டில் முதியவரும் பெண்களும் அரோகராக் கூறி நடந்து மாணிக்க கங்கையை அடைவர். இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் மோட்டார் வீதி கதிர்காமம் வரை சென்றபின் இந்நடை அருகிற்று. உள்நாட்டுப் போர் நிகழ்ந்த ஆண்டுகளில் வடக்கிலிருந்து நடந்து வருதல் மேலும் அரிதாயிற்று. ஆயினும் பாதை அழிந்துவிடவில்லை. ஆடிவேல் விழாவுக்கு முன்னர்ச் சில நாட்களுக்கு உகந்தையிலுள்ள காட்டு வாயிலை வனசீவராசிகள் திணைக்களம் திறந்துவிடும் வழக்கம் இன்றும் உண்டு.

காட்டைக் காட்டுக்காகவே காணச் செல்லும் வழக்கம் ஆங்கிலேயர் ஆட்சியில் வந்தது. உண்மையிற் காண்பதற்கன்று, சுடுவதற்கே அவர்கள் முதலிற் சென்றனர். விலங்குகள் வேகமாகக் குறைந்துவரக் கண்டு, 1900ஆம் ஆண்டில் யாலையின் ஒரு பகுதியைச் சரணாலயமாக்கினர். அதே ஆண்டில் தென்னாபிரிக்கப் போரிற் பிடிபட்ட போயர் வீரர் பலர் சிறைக் கைதிகளாகத் தியத்தலாவை முகாமுக்குக் கொண்டுவரப்பட்டனர். போர் முடிந்ததும் மிகப் பெரும்பாலோர் பிரித்தானிய மன்னருக்கு விசுவாசப் பிரமாணஞ் செய்து நாடு திரும்ப, எங்கெல்பிறெக்ட் என்பவரோ அப்பிரமாணத்தைச் செய்ய மறுத்தார். நாடு திரும்ப இயலாத அம்மனிதரே யாலையின் முதற் காவலராக நியமனம் பெற்றார். முதலாம் உலகப் போர்க்காலத்தில், எம்டன் என்னும் ஜெர்மனியக் கப்பலுக்கு இறைச்சி வழங்கினார் என்று பழிசுமத்தி அவரைச் சிறையிலிட்டனர். அப்பழி பொய்யென்பது பின்னர்த் தெரியவந்தது. 1922ஆம் ஆண்டில் மறைந்த அவருடைய கல்லறை அம்பாந்தோட்டையில் இருக்கின்றது. தன் நாட்டுக்குச் செல்லும் வழியைத் தானே அடைத்துக்கொண்ட ஒருவர் காட்டின் வாயிலைக் காத்து நின்றமை யாலை வரலாற்றில் மறக்கத்தகாத செய்தியாகும்.

1908 முதல் 1911 வரை அம்பாந்தோட்டையில் உதவி அரசாங்க அதிபராயிருந்த லெனாட் வுல்வ் இக்காவலரை நேரில் அறிந்தவர். வுல்வ் அந்நாட்டை அறிந்தது குதிரையின்மேலும் கால்நடையாகவுமே. மாத்தறை வரை 1895இல் வந்த இருப்புப்பாதை அவ்விடத்திலேயே நின்றுவிட்டது. ஒரு நூற்றாண்டுக்கு மேலான பின்னரே, 2019இல், பெலியத்தை வரை அது நீண்டது. கீழே வறண்ட தாழ்நிலம் இருக்க, மேலே மலைநாட்டிற் புகைவண்டி 1924இல் பதுளையை அடைந்தது. இவ்விரு பாதைகளின் முனைகளிலிருந்தே யாலைக்குரிய இரண்டு பெருவழிகள் உருவாயின. ஒன்று காலி, மாத்தறை, அம்பாந்தோட்டை என்று செல்லும் கடற்கரை வழி. மற்றையது எல்லயிலிருந்து வெல்லவாயவுக்கு இறங்கித் திஸ்ஸமகாராமைக்குச் செல்லும் மலைவழி.

1938ஆம் ஆண்டு இவ்வரலாற்றில் இரண்டு வகையாற் குறிக்கத்தக்கது. யாலையும் வில்பத்தும் தேசியப் பூங்காக்களாக அவ்வாண்டிலே பிரகடனஞ் செய்யப்பட்டன. இந்தியாவிலிருந்து இரத்மலானை விமான நிலையத்துக்கு டாட்டா நிறுவனத்தின் விமானத் தபாற் சேவை தொடங்கியதும் அவ்வாண்டிலேயாம். காடும் வானூர்தியும் ஒன்றையொன்று தேடும் காலம் வருமென அன்று எவரும் நினைத்திரார். இரண்டாம் உலகப் போரிற் பிரித்தானிய விமானப் படைக்கென அமைந்த கட்டுநாயக்கா ஓடுபாதை, பின்னர் நாட்டின் முதன்மை வாயிலாயிற்று.

தெற்கிலும் ஒரு வாயில் வேண்டும் என்ற எண்ணம் வலுப்பெற்றபோது முதலிற் கருதப்பட்ட இடம் வீரவில. அங்கே பறவைகள் சரணாலயம் உண்டென்ற எதிர்ப்பினால் அத்திட்டம் கைவிடப்பட்டு, மத்தள தெரிவுசெய்யப்பட்டது. பறவைகளுக்கு அஞ்சி விலகியவர்கள் யானைகள் நடமாடும் நிலத்திற் சென்று அமர்ந்தனர். சீனக் கடனுதவியுடன் 3500 மீற்றர் நீளமான ஓடுபாதை அமைத்து, 2013ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் நிலையம் திறக்கப்பட்டது. பறவைகள் விமானங்களில் மோதின. யானைகள் வேலியைத் தாண்டின. 2015 சனவரியில் நாட்டின் தேசிய விமான நிறுவனமே தன் சேவையை அங்கு நிறுத்தியது. சரக்கு வைக்குங் கட்டடத்தில் நெல் மூட்டைகள் அடுக்கப்பட்டன. உறுகுணை உழவரின் நெல் ஒருவாறு வானூர்தித் துறைக்கு வந்து சேர்ந்தது என்று சொல்லலாம். 2016 மார்ச்சில் 300க்கு மேற்பட்ட இராணுவத்தினரும் பொலிசாரும் பட்டாசு கொளுத்தி விலங்குகளைத் துரத்தினர். பருவகாலச் சேவைகள் சில அவ்வப்போது வந்தனவேயன்றி, நிலையான போக்குவரத்து வேரூன்றவில்லை.

இதற்குக் காரணம் விலங்குகள் மாத்திரம் அல்ல. ஒரு நிலையத்துக்குப் பயணிகள் வேண்டும், பயணிகளுக்கு அண்மையில் ஊர்கள் வேண்டும். யாலைக்கு வருவோருட் பலர் கண்டியையும் காலியையும் காணாமற் செல்ல விரும்பார். மேலும் வீதியே நிலையத்தை வென்றது. தென்னகத்து அதிவேக நெடுஞ்சாலை 2011இற் காலியையும், 2014இல் மாத்தறையையும், 2020இல் அம்பாந்தோட்டையையும் மத்தளவையும் தொட்டது. மத்தளவை நாட்டோடு இணைக்க வந்த அந்நெடுஞ்சாலை, கட்டுநாயக்காவை யாலைக்கு அண்மையாக்கிவிட்டது. முன்னர் முழு நாளையும் விழுங்கிய பயணம் இன்று நாலைந்து மணி நேரத்தில் முடிகின்றது.

ஆகவே கட்டுநாயக்காவில் இறங்குவோர், நாட்கள் குறைவாயின் நெடுஞ்சாலையாற் சென்று திஸ்ஸமகாராமையிற் தங்கி, மறுநாள் விடியலிற் பலட்டுப்பான வாயிலை அடைதல் தகும். நாட்கள் உண்டாயின், மலைநாட்டுக்கு ஏறி எல்லயினூடாக இறங்கிக் காட்டைக் கண்டு, நெடுஞ்சாலையால் மீளுதலே சிறந்தது. குளிர்ந்த தேயிலைச் சரிவிலிருந்து இராவணா நீர்வீழ்ச்சியைக் கடந்து வறண்ட சமவெளிக்கு இறங்கும் அந்தச் சில மணி நேரத்தில் இலங்கையின் இருவேறு தரைத்தோற்றங்களும் கண்முன் மாறிவருதல் நெடுஞ்சாலையிற் கிட்டாத காட்சி. இரத்தினபுரி, எம்பிலிப்பிட்டிய வழியாகவும் செல்லலாம், உடவளவையைக் காண விரும்புவோருக்கு அது ஏற்றது. பலாலியிற் சென்னையிலிருந்து வந்திறங்குவோர் நாட்டின் முழு நீளத்தையும் கடக்க வேண்டியிருப்பதால் இரண்டு நாட்களாவது ஒதுக்குதல் நன்று. செப்டெம்பர் மாதத்தில், வறட்சி மிகுந்து, யாலையின் முதலாம் பிரிவு மூடப்படும் வழக்கமுண்டாதலால், புறப்படுமுன் விசாரித்தல் அவசியம்.

கிழக்கிலிருந்து வருவோருக்கு மொனராகலை, புத்தளை வழியாகக் கதிர்காமம் செல்லும் வீதி உண்டு. அது காட்டின் ஓரத்தை ஊடறுத்துச் செல்கின்றது. யாத்திரிகரும் சாரதிகளும் பழமும் சோறும் கொடுத்துப் பழக்கிவிட்டமையால், அவ்வீதியின் நடுவில் நின்று வண்டிகளை மறித்துத் தீனி கேட்கும் யானைகள் உள. தீனி கொடுப்பதும், அவற்றுக்கு அருகில் வண்டியை விட்டு இறங்குவதும் உயிருக்கு ஆபத்தானவை. பொழுது சாய்ந்தபின் அவ்வழியிற் செல்லாது, புத்தளையிலே தங்கிக் காலையிற் புறப்படுவது உள்ளூர்ச் சாரதிகள் கூறும் அறிவுரை.