கொல்வது கிருமியா, காவலா?

செத்த பாம்பு கடிக்காது. செத்த கிருமி? அது வேறு கதை!

பெர்லினில் ராபர்ட் காக்கிடம் பணிபுரிந்த ரிச்சர்ட் ஃபைஃபர் 1892ம் ஆண்டு காலரா கிருமிகளைச் சூடாக்கிக் கொன்று கினிப்பன்றிகளுக்கு ஊசி போட்டார். கிருமியில் உயிரில்லை. ஆனாலும் கினிப்பன்றிகள் செத்தன. சூட்டுக்கும் அழியாத ஏதோ ஒன்று கிருமியின் உடம்பிலேயே இருக்கிறது என்று சொல்லி அதற்கு எண்டோடாக்ஸின் (அகநச்சு) என்று பெயர் வந்தது. சில வகை பாக்டீரியாக்களின் வெளிச்சவ்வில் கொழுப்பும் சர்க்கரையும் சேர்ந்து அமைந்த பொருள்தான் அது.

இது எப்படிக் கொல்கிறது என்பதுதான் பல வருடங்களுக்குப் புரியவில்லை. துப்பு கொடுத்தது ஒரு வினோதமான எலி. ஸி3ஹெச்/ஹெச்இஜே என்று வாயில் நுழையாத பெயர் கொண்ட அந்த எலி வகைக்கு எண்டோடாக்ஸினை ஏற்றினால் ஒன்றும் ஆவதில்லை என்று 1960களில் தெரிய வந்தது. ஆனால் சாதாரண எலியின் ரத்த அணுக்களை உருவாக்கும் செல்களை அதற்கு மாற்றி வைத்தால் அதுவும் நச்சுக்குப் பலியானது. அப்படியானால் கொலையாளி வெளியில் இல்லை. எலியின் சொந்த ரத்த அணுக்களே!

ஆயுதம் எது? 1975ம் ஆண்டு நியூயார்க்கில் லாயிட் ஓல்ட் குழுவினர், எண்டோடாக்ஸின் ஏற்றப்பட்ட எலிகளின் ரத்தத்தில் புற்றுக்கட்டிகளை அழிக்கும் ஒரு பொருளைக் கண்டு டிஎன்எஃப் என்று பெயரிட்டார்கள். அதே ஊரில், நோயுற்ற கால்நடைகள் ஏன் எலும்பும் தோலுமாகின்றன என்று ஆராய்ந்த ஆண்டனி செராமியும் ப்ரூஸ் பாய்ட்லரும் வேறு வழியில் ஒரு புரதத்தைப் பிடித்தார்கள். 1985ம் ஆண்டு பார்த்தால் இரண்டும் ஒன்றே! அதை முன்கூட்டியே முடக்கினால், உயிரைப் பறிக்கும் அளவு எண்டோடாக்ஸின் ஏற்றிய எலிகளில் பலவும் பிழைத்தன.

வங்கி திவாலாகப் போகிறது என்ற வதந்தியை நினைத்துக் கொள்ளுங்கள். பத்துப் பேர் பணம் எடுக்க ஓடுவதைப் பார்த்து நூறு பேர் ஓடுவார்கள். வங்கியைக் கவிழ்ப்பது வதந்தி அல்ல, வரிசை. மேக்ரோஃபேஜ் என்ற காவல் செல் எண்டோடாக்ஸினை மோப்பம் பிடித்து டிஎன்எஃபைச் சுரக்கிறது. டிஎன்எஃப் பட்ட மற்ற செல்கள் இன்டர்லூக்கின்-1, 6 என்று மேலும் அபாயச் சங்குகளை ஊதுகின்றன. ரத்தக்குழாய்கள் கசிகின்றன, ரத்த அழுத்தம் சரிகிறது. கடைசியில் உறுப்புகள் ஒவ்வொன்றாக நிற்கின்றன.

அந்த மூக்கு எது என்பதை 1998ம் ஆண்டு டல்லாஸில் பாய்ட்லர் குழுவே கண்டுபிடித்தது. டிஎல்ஆர்4 என்ற புரதம். வினோத எலியில் அதன் ஒரே ஒரு அமினோ அமிலம் மாறியிருந்தது, அவ்வளவுதான். 2011ம் ஆண்டு நோபல் பரிசில் அவருக்குப் பங்கு கிடைத்தது.

சரி, மூக்கில்லாத அந்த எலி கொடுத்து வைத்தது என்று தோன்றும். இல்லை. உயிருள்ள சால்மோனெல்லா கிருமிகள் கொஞ்சம் உள்ளே போனாலே அது செத்துவிடும். சங்கு ஊதவே ஆளில்லாத ஊர்!

இந்த எலி சொன்ன பாடத்தை மனிதர்கள் அதிக விலை கொடுத்துக் கற்றார்கள். ரத்தத்தில் கிருமி பரவி அதிர்ச்சி நிலைக்குப் போன 141 நோயாளிகளிடம் டிஎன்எஃபைப் பிடித்து வைக்கும் ஒரு மருந்தைச் சோதித்த முடிவு 1996ம் ஆண்டு வெளியானது. மருந்தின் அளவு கூடிய பிரிவுகளில் சாவும் கூடியிருந்தது. நோயாளி ஆஸ்பத்திரிக்கு வந்து சேருவதற்குள் டிஎன்எஃபின் முதல் அலை பெரும்பாலும் ஓய்ந்திருக்கும். கிருமியோ உள்ளேதான் இருக்கும்.

அங்கே தோற்ற அதே மருந்து, எடனர்செப்ட், 1998ம் ஆண்டு அமெரிக்காவில் முடக்குவாதத்துக்கு அனுமதி பெற்றது. அங்கே விரட்ட வேண்டிய கிருமி இல்லை, ஓயாத சங்குதான் நோய். ஆனாலும் இந்த வகை மருந்தைத் தொடங்கும் முன் டாக்டர்கள் காசநோய் சோதனை செய்துவிடுவார்கள். நுரையீரலில் பல வருடங்களாக டிஎன்எஃப் அடைத்து வைத்திருக்கும் பழைய கிருமி, காவல் தளர்ந்தால் வெளியே வந்துவிடும்.