கல்லூரி விளையாட்டுக் கூட்டமைப்புகளின் அட்டவணை அதிகாரம்

கல்லூரி விளையாட்டுக் கூட்டமைப்பு என்பது ஐக்கிய அமெரிக்காவில் பல கல்லூரிகள் தமக்குள் போட்டியிடுவதற்காகச் சேர்ந்து அமைத்துக்கொள்ளும் சங்கம் ஆகும். ஓர் உறுப்புக் கல்லூரி யாருடன், எங்கு, எப்போது விளையாட வேண்டும் என்பதைத் தீர்மானிப்பதில் கூட்டமைப்பின் அதிகாரம் எல்லா ஆட்டங்களுக்கும் ஒரே அளவினதன்று. உறுப்பினர்களுக்கு இடையிலான ஆட்டங்களில் அது ஏறக்குறைய முழுமையானது. வெளிக்கல்லூரிகளுடனான ஆட்டங்களில் குறைவானது. ஆட்டங்கள் குறைவாகவும் வருவாய் மிகுதியாகவும் உள்ள அமெரிக்கக் காற்பந்திலேயே இது குறித்த பிணக்குகள் மிகுதி.

அதிகாரத்தின் மூலம்

கூட்டமைப்பு அரசு அமைப்பு அன்று. 1896 இல் தோன்றிய பிக் டென் போன்ற கூட்டமைப்புகளில் உறுப்புப் பல்கலைக்கழகங்களின் தலைவர்கள் வாக்களித்து முடிவுகளை எடுக்கின்றனர். ஆணையர் அவற்றை நடைமுறைப்படுத்துகிறார். தேசியக் கல்லூரித் தடகளச் சங்கம் ஒரு பருவத்தின் உச்ச ஆட்ட எண்ணிக்கையை வகுக்கிறது. உயர்நிலைக் காற்பந்தில் 2006 முதல் இது பொதுவாக 12 ஆகும். எதிரணி யார் என்பதை அச்சங்கம் சொல்வதில்லை.

தொலைக்காட்சி ஒளிபரப்பையும் அச்சங்கமே கட்டுப்படுத்தி வந்தது. அது போட்டித் தடுப்புச் சட்டத்துக்கு முரணானது என்று 1984 இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதன்பின் ஒளிபரப்பு உரிமையை விற்கும் வாய்ப்பு கல்லூரிகளுக்கும் கூட்டமைப்புகளுக்கும் கிடைத்தது. கூட்டமைப்புகளின் இன்றைய வலிமைக்கு அவற்றின் விதிநூலைவிட இத்தீர்ப்பே பெரிய காரணம் எனலாம். பல ஆட்டங்களின் தொடக்க நேரத்தை ஒளிபரப்பு நிறுவனங்கள் 12 நாட்களுக்கு முன்னரே, சில வேளைகளில் 6 நாட்களுக்கு முன்னரே, முடிவு செய்கின்றன.

வெளி ஆட்டங்கள்

கூட்டமைப்புக்கு வெளியேயான ஆட்டங்கள் இரு கல்லூரிகளுக்கு இடையே, பெரும்பாலும் பல ஆண்டுகளுக்கு முன்னரே, செய்துகொள்ளப்படும் ஒப்பந்தங்கள் ஆகும். எனினும் கூட்டமைப்பு இங்கும் வரம்பு விதிக்கலாம். தென்கிழக்குக் கூட்டமைப்பு 2016 முதல் ஒவ்வோர் உறுப்பினரும் பெரிய கூட்டமைப்பு ஒன்றின் அணியுடன் குறைந்தது ஓர் ஆட்டம் ஆட வேண்டும் என்றது. 2026 முதல் உள் ஆட்டங்களை 8 இலிருந்து 9 ஆக உயர்த்த 2025 இல் முடிவு செய்தது. உள் ஆட்டம் ஒன்று கூடினால் கல்லூரி தானே தேர்ந்துகொள்ளும் ஆட்டம் ஒன்று குறையும். 8 உறுப்பினர்களைக் கொண்ட ஐவி கூட்டமைப்போ வழக்கமான காற்பந்துப் பருவத்தை 10 ஆட்டங்களுடன் நிறுத்திக்கொள்கிறது. அவற்றுள் 7 உள் ஆட்டங்கள்.

2020 நெப்ராசுக்கா பிணக்கு

கொரோனா தொற்றின்போது இவ்வதிகாரம் கடுமையாகச் சோதிக்கப்பட்டது. 2020 ஆகத்து 11 அன்று பிக் டென் இலையுதிர்காலப் பருவத்தை ஒத்திவைத்தது. வாக்கு 11-3 என்பது பின்னர் நீதிமன்ற ஆவணம் வழியாகவே வெளியே தெரிந்தது. நெப்ராசுக்கா பல்கலைக்கழகம் வேறிடத்தில் விளையாட விருப்பம் காட்டியபோது, அவ்வாறு செய்துகொண்டே உறுப்பினராகவும் இருக்க இயலாது என்று ஆணையர் கெவின் வாரன் கூறினார். செப்டம்பர் 16 அன்று கூட்டமைப்பு தன் முடிவை மாற்றிக்கொண்டது. அக்டோபர் இறுதியில் விசுக்கான்சின் அணியில் தொற்று பரவி ஆட்டம் நீக்கப்படவே, நெப்ராசுக்கா அதற்கு மாற்றாகச் சட்டனூகா அணியை அழைக்க முயன்றது. உள் ஆட்டங்கள் மட்டுமே என்ற முடிவின்படி கூட்டமைப்பு அதை மறுத்தது.

அதே பருவத்தில், இறுதிப் போட்டிக்குத் தகுதி பெறக் குறைந்தது 6 ஆட்டங்கள் வேண்டும் என்ற விதியை பிக் டென் திசம்பர் 9 அன்று கைவிட்டது. 5 ஆட்டங்களே ஆடியிருந்த ஒகையோ மாநிலப் பல்கலைக்கழகம் இதனால் தகுதி பெற்றது. இந்தியானா பல்கலைக்கழகம் வாய்ப்பை இழந்தது. ஒகையோ மாநில அணியிடம் இந்தியானா முன்னரே தோற்றிருந்தது உண்மை. ஆயினும் ஒருவருக்கு இறுகிய விதி மற்றவருக்குத் தளர்ந்ததாகவே பலருக்குத் தோன்றியது.

விலகல்

உறுப்பினரின் கடைசி வழி விலகுதல். அதன் விலை பெரிது: அட்லாண்டிக் கரையோரக் கூட்டமைப்பிலிருந்து விலகிய மேரிலாந்து பல்கலைக்கழகம் 2014 இல் ஏறத்தாழ 31 மில்லியன் டாலர் இழப்புடன் சமரசம் செய்துகொண்டது. விலகல் பழைய போட்டிகளையும் குலைக்கக்கூடும். டெக்சாசு ஏ அண்டு எம் பல்கலைக்கழகம் 2012 இல் தென்கிழக்குக் கூட்டமைப்பில் சேர்ந்ததும், டெக்சாசு பல்கலைக்கழகத்துடன் நன்றி நவிலல் நாளையொட்டி நடந்துவந்த அதன் ஆட்டம் நின்றுபோனது. எந்த விதியும் அதைத் தடுக்கவில்லை. எனினும் டெக்சாசும் அதே கூட்டமைப்பில் சேர்ந்த 2024 ஆம் ஆண்டில்தான் அந்த ஆட்டம் மீண்டும் நடைபெற்றது.