உறையைப் பிரிப்பவர்: இந்தியப் பள்ளிகளில் அளவீட்டுத் தேர்வின் கதை

2017 நவம்பர் 13, திங்கட்கிழமை. அன்று காலை நாட்டின் ஏறத்தாழ 700 மாவட்டங்களில், ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பள்ளிகளில், முத்திரையிட்ட உறைகள் ஒரே வேளையில் பிரிக்கப்பட்டன. 3, 5, 8 ஆகிய வகுப்புகளைச் சேர்ந்த சுமார் 22 லட்சம் மாணவர்கள் வினாப் புத்தகங்களைப் பெற்றனர். சிறிய வகுப்புகளுக்கு 45 வினாக்கள், 8ஆம் வகுப்புக்கு 60. அந்தத் தேர்வில் எந்த மாணவரும் தேர்ச்சி பெறவில்லை. எவரும் தோற்கவும் இல்லை. எந்தப் பெற்றோரின் கைக்கும் மதிப்பெண் பட்டியல் வந்து சேரவில்லை. தேசிய அடைவு ஆய்வு என்று பெயரிடப்பட்ட அந்தத் தேர்வு அளக்க முயன்றது மாவட்டங்களையும் மாநிலங்களையுமே.

உறையைப் பிரித்தவர் அந்த வகுப்பின் ஆசிரியர் அல்லர். கள ஆய்வாளர் என்ற பெயரில் வெளியிலிருந்து வந்தவர் அவர். பல இடங்களில் ஆசிரியர் பயிற்சி நிறுவனங்களில் படித்துக்கொண்டிருந்த இளைஞர்களுக்கே அப்பணி அளிக்கப்பட்டது. சில நாள் பயிற்சியும் ஒரு கையேடும் அவருக்குத் துணை. தேர்வு நேரத்தில் வகுப்பாசிரியர் அறைக்கு வெளியே இருக்கவேண்டும் என்பது விதி. பார்வைக்குச் சிறிதாகத் தோன்றும் இந்த விதிக்குப் பின்னால் ஒன்றரை நூற்றாண்டு வழக்கு ஒன்று கிடக்கிறது. குழந்தை என்ன கற்றது என்பதை யார் சொல்வது, அவ்வாறு சொல்பவரை எவ்வளவு நம்புவது என்பதே அந்த வழக்கு.

அதன் தொடக்கம் 1854ஆம் ஆண்டின் உட் கல்வி அறிக்கையில் உள்ளது. மாகாணந்தோறும் கல்வித்துறையையும், பள்ளிகளைப் பார்வையிட இன்ஸ்பெக்டர்களையும், தனியார் பள்ளிகளுக்கு அரசு மானியத்தையும் அந்த அறிக்கையே ஏற்படுத்தியது. மானியம் என்றவுடன், எதை வைத்துக் கொடுப்பது என்ற கேள்வி எழுந்தது. இங்கிலாந்தில் 1862ஆம் ஆண்டு ராபர்ட் லோ கொண்டுவந்த திருத்தச் சட்டம் அதற்கு எளிய விடை ஒன்றை வைத்திருந்தது: குழந்தை தேர்ச்சி பெற்றால் பள்ளிக்குப் பணம், தவறினால் பணம் இல்லை. பள்ளி இன்ஸ்பெக்டராகவும் பணியாற்றிய கவிஞர் மாத்யூ ஆர்னால்டு இதனைக் கடுமையாக எதிர்த்து எழுதினார். அவர் சொல் எடுபடவில்லை. அந்தப் பத்தாண்டிலேயே பம்பாய், சென்னை முதலிய மாகாணங்களிலும் தேர்ச்சிக்கேற்ற மானியம் வேரூன்றியது.

இன்ஸ்பெக்டர் வருவார்; வகுப்புப்படி குழந்தைகளை நிறுத்துவார்; வாசிப்பு, எழுத்து, கணக்கு என்று தனித்தனியே சோதிப்பார். தேறிய தலைகளை எண்ணி மானியம் கணக்கிடப்படும். அந்த ஒருநாள் வருகையின் விளைவு ஆசிரியரின் ஓராண்டு வருமானத்தைத் தொட்டது. ஆகவே ஆசிரியரும் தாம் செய்யவேண்டியதைச் செய்தார். இன்ஸ்பெக்டர் எந்தப் பாடநூலிலிருந்து கேட்பார் என்பது முன்னமே தெரியும்; அந்த நூல் மனப்பாடமாயிற்று. மானியம் கிடைக்காத பாடம் ஒதுங்கிப் போயிற்று. இதை ஆசிரியரின் நேர்மைக் குறைவு என்று எழுதுவது எளிது. ஆனால் தம் குடும்பத்தின் உணவை ஏழு வயதுக் குழந்தையின் வாசிப்பில் கட்டித் தொங்கவிட்ட ஓர் ஏற்பாட்டில் வேறு எப்படி நடந்திருக்க முடியும் என்ற கேள்வியையும் உடன் கேட்டாக வேண்டும்.

1882இல் அமைந்த ஹன்டர் குழு கல்லூரிகளுக்கு இந்த முறை வேண்டாம் என்றது. தொடக்கப் பள்ளிகளுக்கு மட்டும், பின்தங்கிய பகுதிகளை விலக்கி, அதைத் தொடரச் சொன்னது. கர்சன் காலத்து 1904ஆம் ஆண்டுக் கல்வித் தீர்மானம் வந்த பிறகே அது கைவிடப்பட்டது. தேர்வு எதற்காக என்பதும், தேர்வின் முடிவோடு எதைக் கட்டுவது என்பதும் வெவ்வேறு கேள்விகள் என்பதை உணர நிர்வாகத்துக்கு நாற்பது ஆண்டுகள் பிடித்தன. அந்தப் பாடம் மீண்டும் மறக்கப்பட்டதைப் பின்னர் காணலாம்.

விடுதலைக்குப் பின் பேச்சு வேறு திசையில் நகர்ந்தது. 1956இல் போபாலில் தேர்வுச் சீர்திருத்தக் கருத்தரங்கு நடந்தது. கற்றல் நோக்கங்களின் வகைப்பாட்டுக்காக இன்றும் பயிற்சிக் கல்லூரிகளில் பெயர் சொல்லப்படும் பெஞ்சமின் புளூம் 1957-58இல் இந்தியா வந்து பயிலரங்குகள் நடத்தினார். 1958இல் மையத் தேர்வுப் பிரிவு உருவாயிற்று, 1961இல் என்.சி.இ.ஆர்.டி. பிறந்தது. நல்ல வினா எப்படி இருக்கவேண்டும் என்பதே அக்காலத்தின் அக்கறை. வினாத்தாளைக் கொண்டு ஒரு மாநிலத்தையோ நாட்டையோ அளப்பது அப்போது அரிது. 1970களின் தொடக்கத்தில் பன்னாட்டு மதிப்பீடு ஒன்றில் இந்தியா பங்கேற்றபோதும், இந்தி பேசும் மாநிலங்களோடு அது நின்றுகொண்டது.

பெருந்திரள் அளவீடு 1990களில்தான் வழக்கத்துக்கு வந்தது. டேவ் குழு குறைந்தபட்சக் கற்றல் நிலைகளை வரையறுத்தது. மாவட்டத் தொடக்கக் கல்வித் திட்டம் தொடங்கிய மாவட்டங்களில் அடிநிலை அடைவுச் சோதனைகள் நடந்தன. அனைவருக்கும் கல்வி இயக்கத்தோடு சேர்ந்து 2001-02இல் 5ஆம் வகுப்புக்கான முதல் தேசிய அளவீடு வந்தது. ஒரு சுற்று முடியச் சில ஆண்டுகள் ஆகும்; அறிக்கை வெளிவரும்போது தேர்வெழுதிய குழந்தை நடுநிலைப் பள்ளியைக் கடந்திருக்கும். 2017 பிப்ரவரியில் கல்வி உரிமைச் சட்ட விதிகள் திருத்தப்பட்டு, வகுப்புவாரியான கற்றல் விளைவுகள் சேர்க்கப்பட்டன. அதே ஆண்டு நவம்பரில், ஒரே நாளில், மாவட்ட அளவில் முடிவு தரும் வகையில் தேர்வு மாறியது.

இதற்கிடையே மாநிலங்கள் தத்தம் வழியில் சென்றுகொண்டிருந்தன. குஜராத்தில் 2009இல் குணோத்சவ் தொடங்கியது. அமைச்சர்களும் ஐ.ஏ.எஸ். அதிகாரிகளும் கிராமப் பள்ளிகளுக்கே சென்று குழந்தைகளை வாசிக்கச் சொல்லிக் கேட்டார்கள். பள்ளிகளுக்குத் தரம் வழங்கப்பட்டது. பழைய இன்ஸ்பெக்டரின் குதிரை வண்டி இப்போது அரசு வாகனமாக வந்து நின்றது என்று சொல்லத் தோன்றினால் அது முழுத் தவறாகாது. மத்தியப் பிரதேசத்தில் 2011 முதல் பிரதிபா பர்வ். அங்கே தேர்வை நடத்துவதும் திருத்துவதும் பெரும்பாலும் ஆசிரியர்களே. அதிகாரிகள் சில பள்ளிகளைச் சரிபார்ப்பார்கள்.

இந்த மத்தியப் பிரதேச ஏட்டைப் பொருளியலாளர் அபிஜீத் சிங் சோதித்துப் பார்த்தார். அரசுத் தேர்வில் மாணவர்கள் எழுதிய வினாக்களையே மீண்டும் கொடுத்து, வெளியாள் மேற்பார்வையில் எழுதச் செய்தார். முதலில் சரியாக விடையளித்ததாகப் பதிவான வினாக்களுள் பெரும்பகுதிக்கு மறுதேர்வில் சரியான விடை கிடைக்கவில்லை. ஏட்டிலிருந்த அடைவு உண்மையைவிட மிக உயரமாக நின்றது. ஆந்திரப் பிரதேசத்தில் அவர் செய்த பிந்தைய ஆய்வு இன்னும் நுட்பமானது. சில பள்ளிகளில் தாளிலும், சில பள்ளிகளில் கைக்கணினியிலும் தேர்வு நடத்தி ஒப்பிட்டபோது, தாளில் ஏறிய பொய்யின் பெரும்பகுதி கைக்கணினியில் மறைந்தது. ஆசிரியர்களும் மாணவர்களும் ஒரே தன்மையினர்தாம். மாறியது நடத்தும் முறை மட்டுமே.

இத்தனைக்கும் இத்தேர்வுகளில் ஆசிரியருக்குப் பணமோ தண்டனையோ பெரிதாக ஒன்றும் இல்லை. பிறகு ஏன் ஏறுகிறது எண்? நிர்வாகத்தின் படிக்கட்டில் ஒவ்வொருவரும் மேலே உள்ளவருக்கு நல்ல செய்தி அனுப்ப விரும்புவதே பெரும்பகுதி காரணமாக இருக்கவேண்டும். பள்ளியின் எண் வட்டாரத்தின் எண்ணாகிறது. வட்டாரத்தின் எண் மாவட்டத்தின் எண்ணாகிறது. கரும்பலகையில் விடையை எழுதிப்போடும் ஆசிரியர் அந்த நீண்ட வரிசையின் கடைசி ஆள்.

தேசிய அடைவு ஆய்வு வெளியாளை வைத்து இதைத் தவிர்க்க முயன்றது. முழுமையாக வெற்றி கிட்டவில்லை. டக் ஜான்சனும் ஆண்ட்ரேஸ் பராடோவும் 2021இல் வெளியிட்ட ஆய்வு, 2017இன் மாநில சராசரிகளை அசர் அறிக்கையோடும் இந்திய மனித வளர்ச்சி ஆய்வோடும் ஒப்பிட்டது. அரசின் எண்கள் குறிப்பிடத்தக்க அளவு உயர்ந்திருந்தன. மாநிலங்களின் தரவரிசையும் மற்ற இரண்டோடு ஏறக்குறைய தொடர்பே அற்றிருந்தது. அசர் வீட்டுக்குச் சென்று குழந்தையைத் தனியே வாசிக்கச் சொல்லும் முறை. அரசின் தேர்வோ பள்ளியில் நான்கு விடைகளுள் ஒன்றைக் குறிக்கும் முறை. வேறுபாடு இருப்பது இயல்பே. ஆனால் வரிசையே மாறிப்போவதற்கு அது போதிய விளக்கமாகத் தெரியவில்லை.

பின்னர் வந்தது 1904இல் கற்ற பாடத்தின் மறதி. நடுவண் கல்வி அமைச்சகம் 2017-18ஆம் ஆண்டுக்கான செயல்திறன் தரக் குறியீட்டை 2019இல் வெளியிட்டது. மொத்தம் 1000 புள்ளிகள். அவற்றுள் கற்றல் விளைவுக்கு 180. அந்த 180 அடைவு ஆய்விலிருந்தே எடுக்கப்பட்டது. மாணவருக்கு எந்த விளைவும் இல்லாத தேர்வு மாநிலத்துக்கு மானப் பிரச்சினை ஆயிற்று. அடுத்த சுற்று 2021 நவம்பர் 12 அன்று நடந்தது. 10ஆம் வகுப்பும் சேர்க்கப்பட்டு, 1,18,274 பள்ளிகளில் 34 லட்சம் மாணவர்கள் எழுதினர். பெருந்தொற்றால் ஒன்றரை ஆண்டு மூடிக் கிடந்த பள்ளிகளில் பல அப்போதுதான் திறந்திருந்தன. அங்கும் மாதிரி வினாத்தாள்களும் ஒத்திகைத் தேர்வுகளும் சுற்றறிக்கைகளாக வந்தன. ஓ.எம்.ஆர். தாளில் வட்டத்தைக் கருமையாக்கப் பழக்குவது நியாயமான ஆயத்தம். தாளின் வடிவம் தெரியாமல் குழந்தை தவறக்கூடாது. அதற்கு அப்பால் எங்கே ஆயத்தம் முடிந்து ஒப்பனை தொடங்குகிறது என்ற கோட்டை எந்தச் சுற்றறிக்கையும் போட்டதில்லை.

மொழியின் பக்கம் திரும்பினால் சிக்கல் வேறு உருவம் கொள்கிறது. 2021ஆம் ஆண்டுத் தேர்வு ஆங்கிலம் உள்பட 22 மொழிகளில் நடந்தது. போடோ, காரோ, காசி, மிசோ, லெப்சா போன்ற மொழிகளும் அவற்றுள் அடங்கும். இது சிறிய சாதனை அன்று. ஆயினும் ஒரு வினா மொழிமாறும்போது அதன் கடினமும் மாறுகிறது. ஆங்கிலத்தில் எதிர்மறை வினாவில் ‘நாட்’ என்ற சொல்லைப் பேரெழுத்தில் அச்சிட்டுக் குழந்தையை எச்சரிப்பது வழக்கம். தமிழிலோ தெலுங்கிலோ இந்தியிலோ பேரெழுத்தே கிடையாது. அடிக்கோடோ தடித்த எழுத்தோ போடாவிட்டால் ‘அல்ல’ என்பது வாக்கியத்தின் கடைசியில் ஒளிந்துகொள்ளும். மாறாக, “கீதாவிடம் உள்ளதைவிட ரவியிடம் எத்தனை பழங்கள் அதிகம்?” என்ற தமிழ் வினாவில் ‘விட’ முன்னதாகவே வந்து இது ஒப்பீடு என்று உணர்த்திவிடுகிறது, ஆங்கிலத்தின் ‘மோர்’ என்ற சொல்லோ குழந்தையைக் கூட்டலுக்கு இழுக்கக்கூடியது. ஒரே வினா ஓரிடத்தில் தடுக்கும், மற்றோரிடத்தில் கைகொடுக்கும். 2009ஆம் ஆண்டுச் சுற்றின் நீட்சியாக நடந்த பீசா தேர்வில் தமிழ்நாடும் இமாசலப் பிரதேசமும் 74 இடங்களுள் கடைசிப் படிகளில் நின்றபோது, வினாக்களின் சூழல் இந்தியக் குழந்தைகளுக்கு அந்நியமானது என்பதே அரசுத் தரப்பின் வாதம். அந்த வாதத்தை நாட்டுக்குள் நடக்கும் தேர்வுகளின்மீது திருப்பிப் பார்த்தவர் சிலரே.

கோண்டி மொழியை எடுத்துக்கொள்ளலாம். தமிழைப் போலவே திராவிடக் குடும்பத்தைச் சேர்ந்தது. 2011 மக்கள்தொகைக் கணக்குப்படி ஏறத்தாழ 30 லட்சம் பேர் அதனைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள். மத்தியப் பிரதேசத்திலும் சத்தீஸ்கரிலும் அக்குழந்தையின் பயிற்றுமொழி இந்தி, மகாராஷ்டிரத்தில் மராத்தி, தெலங்கானாவில் தெலுங்கு. வீட்டில் ஒரே மொழி பேசும் குழந்தைகள் மூன்று மொழிப் புத்தகங்களில் விடை குறிக்கிறார்கள். அவர்களின் எண்கள் மாநில சராசரிகளுக்குள் கரைந்துவிடுகின்றன. வீட்டில் பேசும் மொழியும் பயிற்றுமொழியும் ஒன்றா என்று 2021இன் மாணவர் வினாநிரல் கேட்டது உண்மையே. ஒன்றல்ல என்று பதில் வந்தால் அந்தக் கணக்கு மதிப்பெண்ணை எப்படி வாசிப்பது என்பது கேட்கப்படாமலே நின்றது.

3ஆம் வகுப்பு அறையில் இந்த இரு சிக்கல்களும் ஒரே ஆளிடம் வந்து சேர்கின்றன. எட்டு வயதுக் குழந்தைக்கு ஓ.எம்.ஆர். தாளை நிரப்ப வராது. விடையைப் புத்தகத்திலேயே குறிக்கும், கள ஆய்வாளர் அதைத் தாளுக்கு மாற்றுவார். வகுப்பாசிரியர் அங்கே இருந்திருந்தால் குழந்தைக்குத் தெரிந்த சொல்லில் வினாவைச் சொல்லியிருப்பார். விடையையும் சொல்லியிருக்கக்கூடும் என்பதால்தான் அவர் வெளியே நிறுத்தப்பட்டார். உள்ளே இருப்பவருக்கோ அந்த ஊரின் பேச்சு தெரிந்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. குழந்தை ஒரு சொல்லைக் காட்டி என்னவென்று கேட்டால், விளக்கக்கூடாது என்பது அவருக்குக் கற்பிக்கப்பட்டிருக்கிறது.

2024 டிசம்பர் 4 அன்று பரக் அமைப்பின் பெயரில் அடுத்த சுற்று நடந்தது. இம்முறை 3, 6, 9ஆம் வகுப்புகள், 74 ஆயிரம் பள்ளிகள், 21 லட்சம் மாணவர்கள். அன்றும் அறைக்கு உள்ளே இருந்தவர் வெளியாள். வெளியே இருந்தவர் ஆசிரியர்.