தாய்க்குரலில் ஒரு தகப்பன்: பெரியாழ்வார் திருமொழி 3-8ஐ முன்வைத்து

பிள்ளைக்கு நாலைந்து வயதாகும் வரை இந்தியத் தகப்பன் எட்டியே நிற்பான், பிறகு கண்டிக்க மட்டும் வருவான் என்ற கருத்து குடும்ப ஆய்வில் நெடுங்காலம் ஓடியது. பரோடா மகாராஜா சயாஜிராவ் பல்கலைக்கழகத்தில் மனித வளர்ச்சியும் குடும்பமும் குறித்த துறையில் பணியாற்றிய ராஜலட்சுமி ஸ்ரீராம், இந்தியத் தந்தைமை பற்றி 2019இல் தொகுத்த நூலுக்குப் பிறகு அதை அப்படியே சொல்வது கடினம். தமிழிலக்கிய ஆய்வு மட்டும் பழைய இடத்திலேயே நிற்கிறது. பெரியாழ்வார் பாடியது தாயின் குரலில். ஆகவே அது தாய்மைக்கே சான்று என்கிறார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை.

சிக்கலின் மையம் 3-8ஆம் பதிகம். மகள் மாலுடன் போய்விட்டாள்; தாய் புலம்புகிறாள். இதை ஆண்டாளைப் பிரிந்த ஆழ்வாரின் சொந்தத் துயரம் என்பது மரபு. அகத்துறைத் தாய்ப் புலம்பலின் தொடர்ச்சி, வாழ்க்கைக் குறிப்பு அல்ல என்பது நவீன வாசிப்பு. துளசித் தோட்டத்தில் மகள் கிடைத்த கதையை நமக்குத் தருபவை பிற்காலக் குருபரம்பரை நூல்களே. அதனால் மரபின் வாதத்தை நான் துணைக்கு அழைக்கவில்லை. ஆனால் துறை என்பது யார் பேச வேண்டும் என்று மட்டுமே விதிக்கிறது. எதைக் கவனிக்க வேண்டும் என்று விதிப்பதில்லை. யசோதை மருமகளை மதித்து நடத்துவாளா, விடியுமுன் கண்விழித்துத் தயிர் கடைய இவளால் ஆகுமா என்று அந்தக் குரல் கவலைப்படுகிறது. இது பெண்ணைக் கட்டிக்கொடுத்த வீட்டின் கணக்கு. மகள் பிரிவுக்கு அழத் தாய்க்கும் செவிலிக்கும் மட்டுமே இடம் தந்த மரபில், தகப்பன் அழ வேண்டுமானால் இவர்களில் ஒருத்தியின் வாயால்தான் அழ முடியும்.

தாலாட்டு, செங்கீரை, சப்பாணி, தளர்நடை எனப் பருவம் பருவமாகச் செல்லும் முன்பகுதியும் இதையே சொல்கிறது. காது குத்தக் கூப்பிடும்போது, காது வலிக்கும், மாட்டேன் என்று பிள்ளை முரண்டு பிடிக்க, நாவற்பழம் காட்டி அழைக்கும் இடம் கேட்டெழுதியதாகத் தோன்றவில்லை. கூட இருந்து பார்த்தவரின் எழுத்து அது. கடவுட் குழந்தை என்பதால் இது குடும்பச் சான்றாகாது என்பார்கள். எண்ணெயும் புளிப்பழமும் வைத்துக் குளிக்கக் கூப்பிடும் பாட்டைப் படித்தவர்கள் அப்படிச் சொல்லமாட்டார்கள். புறநானூற்றில் பொன்முடியார் தந்தைக்கு வகுத்த, மகனைச் சான்றோனாக்கும் கடமையை எல்லோரும் எடுத்துக்காட்டுகிறார்கள். அதே தொகையின் 188ஆம் பாட்டில் நெய்ச்சோற்றை மேலெல்லாம் அப்பிக்கொள்ளும் குழந்தையைப் பார்த்துக்கொண்டிருப்பவன் பாண்டியன் அறிவுடைநம்பி, ஓர் ஆண். அந்தப் பாட்டைத் தந்தைமைக்குச் சான்றாக எடுப்பவர்கள் குறைவு.

களஆய்வுக்கும் இதில் ஓர் எச்சரிக்கை உண்டு. வ. புதுப்பட்டியிலோ ஆழ்வாரின் ஊரான ஸ்ரீவில்லிபுத்தூரைச் சுற்றிய வேறு ஊரிலோ காதுகுத்து நடந்தால் குழந்தை தாய்மாமன் மடியில்தான் உட்காரும், முறை அவருடையது. தகப்பன் பந்தியையும் மொய்யையும் பார்த்துக்கொண்டிருப்பார். சடங்கை மட்டும் குறித்துக்கொண்டு வருபவர் தகப்பன் விலகி நின்றார் என்று எழுதுவார். முந்தின இரவு பிள்ளையைத் தோளில் போட்டுத் தூங்க வைத்தது யார் என்ற கேள்வி அவருடைய வினாநிரலில் இருக்காது.