450-ஐ 500-ஆல் வகுத்தால் பூஜ்யமா?

450 மார்க், மொத்தம் 500. எத்தனை சதவீதம்? எங்கள் காமர்ஸ் வகுப்பில் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் 90 என்பார்கள். சி மொழியில் 450/500*100 என்று எழுதிப் பாருங்கள் நண்பர்களே, பூஜ்யம் வரும். ஆள் ஃபெயில் :-)

முழு எண்ணை முழு எண்ணால் வகுத்தால் விடையும் முழு எண்ணாகவே இருக்கும் என்பது அங்கே விதி. 0.9-இல் புள்ளிக்குப் பின்னால் இருப்பதை வெட்டிவிட்டு, மிச்சமுள்ள 0-வைத்தான் 100-ஆல் பெருக்குகிறது. 1957-இல் ஐபிஎம் வெளியிட்ட ஃபோர்ட்ரானிலேயே இந்த வழக்கம் உண்டு. இத்தனைக்கும் அல்கால் 60-லும், நிக்லவுஸ் விர்த்தின் பாஸ்கலிலும் (1970) இரண்டு வகை வகுத்தலுக்கும் தனித்தனி அடையாளம் இருந்தது. எனக்கு அதுதான் நியாயமாகப் படுகிறது. ஆனால் பின்னால் வந்து ஜெயித்தது சி.

1991-இல் வெளியான பைத்தானும் சி வழியிலேயே போனது. அங்கே ஆபத்து இன்னும் அதிகம். சி-யில் எண்ணின் வகையை நாமே முன்கூட்டி அறிவிக்கிறோம். பைத்தானில் அதெல்லாம் கிடையாது. ஒரே ஃபங்ஷனுக்கு 7.0 கொடுத்தால் பாதி 3.5, வெறும் 7 கொடுத்தால் 3. எந்த எச்சரிக்கையும் வராது. வட்டிக் கணக்கில் இப்படி நடந்தால் யார் கண்டுபிடிப்பது?

2001-இல் பைத்தான் 2.2 வந்தபோது முழு எண் வகுத்தலுக்கென்று இரட்டைக் கோடு (//) சேர்த்தார்கள். ஒற்றைக் கோட்டின் அர்த்தத்தை உடனே மாற்றினால் பழைய புரோகிராம்கள் எல்லாம் உடையுமே! அதற்கு 2008 டிசம்பரில் பைத்தான் 3.0 வரை காத்திருந்தார்கள். சி, ஜாவா இன்றும் பழையபடிதான். அங்கே 450.0/500*100 என்று எழுதுங்கள், 90 கிடைக்கும்.