வாயை மூடத் தெரிந்த வர்ணனையாளர்

பேசுவதையே தொழிலாகக் கொண்ட ஒருவர், பேசாமல் இருந்ததற்காகப் புகழப்பட்டார் என்றால் நம்புவீர்களா? அமெரிக்க பேஸ்பால் வர்ணனையாளர் வின் ஸ்கல்லி அப்படிப்பட்டவர். 1950 முதல் 2016 வரை 67 சீசன்கள், டாட்ஜர்ஸ் என்ற ஒரே அணிக்கு வர்ணனை செய்தவர். எனக்கு பேஸ்பால் விதிகள் அரைகுறையாகத்தான் தெரியும். ஆனாலும் இந்த மனிதரைப் பற்றி எழுதாமல் இருக்க முடியவில்லை.

1927-ல் நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில் பிறந்தார். எட்டு வயதில், வீட்டிலிருந்த நான்கு கால் வானொலிப் பெட்டிக்கு அடியில் தலையணையோடு புகுந்துகொண்டு, அமெரிக்கக் கால்பந்து வர்ணனை கேட்பாராம். அவரை மயக்கியது அரங்கத்துக் கூட்டத்தின் ஆரவாரம். ஷவரிலிருந்து தண்ணீர் கொட்டுவது போல அது தன்மேல் கொட்டியது என்று பிற்காலத்தில் பலமுறை சொல்லியிருக்கிறார். இதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஃபோர்டாம் பல்கலைக்கழகத்தில் படித்து முடித்த அவரை, 1949 நவம்பரில் ரெட் பார்பர் என்ற பிரபல வர்ணனையாளர் பாஸ்டனில் நடந்த ஒரு கல்லூரிக் கால்பந்து ஆட்டத்துக்கு அனுப்பினார். அறைக்குள் உட்கார்ந்துதானே பேசப் போகிறோம் என்று மேல்கோட்டை ஹோட்டலிலேயே விட்டுவிட்டுப் போனார் ஸ்கல்லி. அங்கே போனால், அரங்கத்தின் கூரை மேல்தான் இடம்! குளிரில் நடுங்கிக்கொண்டே பேசி முடித்தார். ஆனால் கேட்டவர்களிடம் ஒரு வார்த்தைகூடப் புலம்பவில்லை. விஷயம் பின்னால்தான் பார்பருக்குத் தெரிய வந்தது. அடுத்த ஆண்டே ஸ்கல்லி புரூக்ளின் டாட்ஜர்ஸ் வர்ணனைக் குழுவில் இருந்தார். 1953-ல் சன்மானம் போதாது என்று பார்பர் வேர்ல்டு சீரிஸிலிருந்து ஒதுங்கிக்கொள்ள, 25 வயதிலேயே அந்த வாய்ப்பும் இவருக்கு வந்தது.

இனி வருவது என்னைப் போன்ற வணிகவியல் மாணவர்களுக்கு. 1958-ல் டாட்ஜர்ஸ் அணி புரூக்ளினை விட்டு, நாட்டின் மறுகோடியில் இருக்கும் லாஸ் ஏஞ்சலீஸுக்குக் குடிபெயர்ந்தது. புது ஊர், புது ரசிகர்கள். முதல் நான்கு சீசன்கள் ஆடியது பேஸ்பாலுக்காகக் கட்டப்படாத கொலீசியம் அரங்கத்தில். 90,000 பேர் உட்காரலாம், ஆனால் பின்வரிசையில் இருப்பவருக்குப் பந்து தெரியாது. அப்போதுதான் டிரான்சிஸ்டர் ரேடியோ பரவிக்கொண்டிருந்தது. ஆட்டத்தை நேரில் பார்க்க வந்தவர்களே ரேடியோவும் கையுமாக வந்து ஸ்கல்லியின் குரலைக் கேட்டார்கள்! 1960-ல் ஒருநாள், நடுவர் ஒருவருக்குப் பிறந்தநாள் என்று தெரிந்ததும், ஒன்று இரண்டு மூன்று எண்ணி எல்லோரும் வாழ்த்துங்கள் என்றார் ரேடியோவில். அரங்கமே சேர்ந்து கத்தியது. பாடப்புத்தகத்தில் குட்வில் என்று படிக்கிறோமே, அது இதுதான்.

சரி, மௌனத்துக்கு வருவோம். 1974 ஏப்ரல் 8, அட்லாண்டா. ஹேங்க் ஆரன் தன் 715-வது ஹோம் ரன்னை அடித்து, பேப் ரூத்தின் சாதனையை முறியடித்தார். கறுப்பினத்தவரான ஆரனுக்கு அதற்கு முன் கொலை மிரட்டல் கடிதங்கள் குவிந்திருந்தன. பந்து எல்லை தாண்டியதைச் சொன்ன ஸ்கல்லி, அதோடு நிறுத்திக்கொண்டார். ஒலிவாங்கியில் கூட்டத்தின் ஆரவாரமும் வாணவேடிக்கையும் மட்டுமே. சற்று நேரம் கழித்து வந்து, தென்மாநிலம் ஒன்றில் ஒரு கறுப்பினத்தவருக்காகக் கூட்டம் எழுந்து நின்று கைதட்டுகிறது என்பதை எடுத்துச் சொன்னார். அந்த நேரத்தில் சொல்ல வேண்டியது அதுதான். ரேடியோவுக்கு அடியில் படுத்திருந்த எட்டு வயதுப் பையன் கேட்ட அதே ஆரவாரத்தை, அவர் தன் நேயர்களுக்கும் கேட்கக் கொடுத்தார் என்று எனக்குத் தோன்றியது.

ஆனால் இந்தக் கதையில் எனக்கு உறுத்தும் பகுதியும் உண்டு. அணியின் தொலைக்காட்சி உரிமை 25 ஆண்டுகளுக்கு 800 கோடி டாலருக்கும் மேல் விலைபோனது. 2014-ல் புதிய சேனல் தொடங்கியது. அது கேட்ட கட்டணத்தைக் கொடுக்க மற்ற கேபிள், செயற்கைக்கோள் நிறுவனங்கள் பல மறுத்துவிட்டன. விளைவு? லாஸ் ஏஞ்சலீஸில் ஏராளமான வீடுகளில் டாட்ஜர்ஸ் ஆட்டமே தெரியவில்லை. ஸ்கல்லியின் குரல் ரேடியோவில் முதல் மூன்று இன்னிங்ஸுக்கு மட்டும் வந்தது. அந்த ஊரில் அணிக்கு ரசிகர்களைச் சேர்த்துக் கொடுத்த குரல், அவருடைய கடைசி மூன்று சீசன்களில் அந்த ரசிகர்களில் பலருக்கே முழுதாகக் கிடைக்கவில்லை. அவருடைய கடைசி ஆறு ஆட்டங்களை எல்லோரும் பார்க்கும் சேனலில் காட்டினார்கள்.

ஒப்பந்தம் போட்டவர்கள் கணக்கில் தப்பு செய்தார்கள் என்று சொல்ல மாட்டேன். பணம் வந்தது. ஆனால் 1958-ல் கையில் ரேடியோவோடு வந்த அந்த ரசிகர்களை எந்தப் பேரேட்டில், எந்தப் பக்கத்தில் எழுதுவது? எங்கள் பாடத்தில் இதற்கு விடை இல்லை. உங்களுக்குத் தெரிந்தால் சொல்லுங்கள்.

2016 அக்டோபர் 2-ல் சான் பிரான்சிஸ்கோவில் தன் கடைசி ஆட்டத்தை வர்ணித்தார் ஸ்கல்லி. 2022 ஆகஸ்ட் 2-ல், 94 வயதில் மறைந்தார். அவருடைய பழைய ஒலிப்பதிவுகள் இணையத்தில் கிடைக்கின்றன. பேஸ்பால் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, 1974 ஆட்டத்தை ஒருமுறை கேளுங்கள். அவர் பேசாமல் இருக்கும் இடம் வரும்போது சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி வையுங்கள்.