உபதேசியாரும் குருவானவரும்



1733ஆம் ஆண்டு டிசம்பர் 28ஆம் நாள், ஆரோன் என்னும் உபதேசியார் தரங்கம்பாடியில் குருவாகத் திருநிலைப்படுத்தப்பட்டார். கடலூரில் சைவக் குடும்பமொன்றில் பிறந்து, 1718இல் சீகன்பால்கு ஐயரிடம் ஞானஸ்நானம் பெற்றவர் அவர். சீர்திருத்தத் திருச்சபையின் முதல் இந்தியக் குருவானவர் என்று அவரைப் பெருமையோடு நினைவுகூருகிறோம். ஆனால் சீகன்பால்கும் புளூட்சோவும் தரங்கம்பாடியில் வந்திறங்கியது 1706 ஜூலையில். இடையில் 27 ஆண்டுகள் ஏன் சென்றன என்று நாம் அதிகமாகக் கேட்பதில்லை.

அந்த ஆண்டுகளில் தமிழர் சும்மா இருந்தார்களா? இல்லை. ஊர் ஊராய் நடந்து வேதம் போதித்து, நோயாளிகளுக்காக ஜெபித்து, புதிதாய் வந்தவர்களை ஞானஸ்நானத்துக்கு ஆயத்தப்படுத்தியவர்கள் உபதேசியார்களே. ஐரோப்பியர் எளிதில் நுழைய முடியாத தஞ்சை மராத்திய அரசின் எல்லைக்குள் விசுவாசிகளைத் தாங்கியவர்களும் அவர்களே. ஞானஸ்நானம் கொடுக்கவும் நற்கருணை பரிமாறவும் மட்டும் அவர்களுக்கு அதிகாரமில்லை. கிராமச் சபைகள் பெருகி, மிஷனெரிகளால் அங்கெல்லாம் போய்வர இயலாமற்போன நெருக்கடியும் சேர்ந்தே ஆரோன்மேல் கைவைக்கச் செய்தது எனலாம். மாயவரம் பகுதிச் சபைகள் அவரிடம் ஒப்படைக்கப்பட்டன. 1745இல் அவர் மரித்தார்.

அப்போஸ்தலர் 6ஆம் அதிகாரத்திலும் ஒரு நெருக்கடிதான். கிரேக்க மொழி பேசிய விதவைகள் அன்றாட விசாரிப்பில் விடப்பட்டார்கள் என்ற முறுமுறுப்பு எழுந்தது. தெரிந்துகொள்ளப்பட்ட ஏழுபேரின் பெயர்களைப் பாருங்கள்: ஸ்தேவான், பிலிப்பு, பிரொகோரு, நிக்கானோர், தீமோன், பர்மெனா, நிக்கொலா. எல்லாம் கிரேக்கப் பெயர்கள்! குறைகூறிய பக்கத்தாரின் கையிலேயே முழுச் சபையின் பந்திவிசாரணையையும் எருசலேம் கொடுத்துவிட்டதாகத் தோன்றுகிறது. அதற்கு எவ்வளவு நம்பிக்கை வேண்டும்!

தரங்கம்பாடியில் அந்த நம்பிக்கை பாதி வழியில் நின்றது. இரண்டாவது தமிழ்க் குருவைத் தெரிந்தெடுக்கும் வேளை வந்தபோது, இராஜநாயக்கன் என்ற உபதேசியாரின் பெயரும் ஆலோசிக்கப்பட்டது. கத்தோலிக்கக் குடும்பத்தில் வளர்ந்தவர். தஞ்சை அரசரின் படையில் பணிபுரிந்தவர். தமிழ்ப் புதிய ஏற்பாட்டை வாசித்து நம்மிடம் வந்தவர். எதிர்ப்புகளின் நடுவே தஞ்சை நாட்டில் சபைகளை வளர்த்தவர். அவருடைய தகுதியை மிஷனெரிகள் நன்கு அறிந்திருந்தனர். ஆயினும் அவர் ஒடுக்கப்பட்ட சாதியில் பிறந்தவர். அவர் கையால் நற்கருணை பெற மற்றச் சாதிக் கிறிஸ்தவர்கள் மறுப்பார்கள் என்று அஞ்சினர். 1741இல் தியோகு என்பவர் திருநிலைப்படுத்தப்பட்டார். தியோகுவும் உத்தம ஊழியரே. குறை அவரிடத்தில் இல்லை.

நம் சபைகளிலும் ஆலயத்தைப் பெருக்கவும் ஞாயிறுபள்ளி நடத்தவும் சிலர், கமிட்டியில் அமர்ந்து தீர்மானிக்கவும் கணக்குப் பார்க்கவும் வேறு சிலர் என்ற வழக்கம் இருக்கிறது. அடுத்த தெரிவுக்குப் பெயர்களை முன்மொழியும்போது, யாருடைய பெயர் நம் நினைவுக்கே வருவதில்லை என்று ஜெபத்தோடு யோசிப்போமாக.

இராஜநாயக்கன் ஊழியத்தை விட்டுப் போகவில்லை. 1771இல் மரிக்கும்வரை உபதேசியாராகவே இருந்தார். அவர் ஆதாயப்படுத்திய ஆத்துமாக்களுக்கு நற்கருணை கொடுக்க வேறொருவர் வரவேண்டியிருந்தது.